தண்ணீருக்கு மேலே தெரிகிற வரைக்கும் பெயிண்ட் அடித்தால் போதுமா?



கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் மணி அடித்த பிறகும் பாடம் நடத்துகிறவன் என்று என்னைக் கேலி செய்தவர்கள் நீங்கள். இன்றும் அப்படித்தான். பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போகிற அப்பா அம்மாக்களும் பள்ளியில் வேலை பார்க்கிற என் பழைய மாணவர்களும் மட்டுமாவது கடைசி வரை படியுங்கள்.

விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் வந்திருந்தார்கள். வெளியூரில் ஓர் ஏரிக்குப் படகு சவாரிக்குப் போனோம். எந்த ஊர் என்று எழுத மாட்டேன். ஒரு ஊரைத் திட்டுவதற்காக எழுதும் பதிவு இல்லை இது. வாத்துத் தலை வைத்த பெடல் போட். வெள்ளை உடம்பு, ஆரஞ்சு மூக்கு, புத்தம் புது பெயிண்ட். வெயிலில் பளபள என்று மின்னியது. சின்னவன் கையைத் தட்டிக்கொண்டு ஏறினான்.

பாதி ஏரி போனதும் "தாத்தா, கால் நனையுது" என்றான். குனிந்து பார்த்தேன். கால் வைக்கும் பள்ளத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். போட் இடது பக்கமாகச் சாய்ந்து, பின்பக்கம் தாழ்ந்து நின்றது. நான் ஒன்றும் பேசாமல் மெதுவாகத் திருப்பி மிதித்துக் கரைக்கு வந்தேன். என் மிதி கனத்ததற்கு வயசு மட்டும் காரணம் இல்லை என்று அப்போதுதான் புரிந்தது.

கரையில் இருந்த தம்பி பாதியாக வெட்டிய எண்ணெய் கேனை எடுத்துத் தண்ணீரை இறைத்தான். "பயப்படாதீங்க சார். போன வாரந்தான் பெயிண்ட் அடிச்சோம்" என்றான்.

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்தப் பதிவு. கால் நனைகிறது என்பது கேள்வி. பெயிண்ட் அடித்திருக்கிறோம் என்பது பதில். இந்தக் கேள்விக்கும் இந்தப் பதிலுக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் நம் நாட்டில் எல்லோரும் இந்தப் பதிலை ஒப்புக்கொண்டு வீட்டுக்குப் போகிறோம்.

வீட்டுக்கு வந்ததும் என் பழைய மாணவன் ஒருவனுக்குப் போன் போட்டேன். பெயிண்டர். வேறு மாவட்டத்தில் இருக்கிறான். படகுகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் வேலையையும் ஒப்பந்தத்தில் எடுத்துச் செய்கிறான். "படகின் அடியில் எப்படியப்பா அடிப்பீங்க?" என்று கேட்டேன். சிரித்தான்.

"சார், பத்து போட்டு, ரெண்டு நாள் டைம். மேல ஏத்திக் கவுக்கறதுக்கு ஆளும் இல்ல, நேரமும் இல்ல. தண்ணிக்கு மேல தெரியிற வரைக்கும் அடிச்சாப் போதும்னு சொல்லிட்டாங்க சார்."

தண்ணீருக்கு மேலே தெரிகிற வரைக்கும்! ஒரு படகை மிதக்க வைப்பது தண்ணீருக்குக் கீழே இருக்கிற பாகம். அந்தப் பாகத்தைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் பணம் செலவழிக்கிறோம்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். வருஷத்துக்கு ஒரு தடவை படகைக் கரையேற்றிக் கவிழ்த்து, அடியைச் சுரண்டிப் பார்த்து, காய வைத்து, பழுது நீக்கிய பிறகுதான் பெயிண்ட் டப்பாவைத் திறக்க வேண்டும். அப்படிச் செய்யாமல் அடிக்கும் பெயிண்ட் பராமரிப்பு ஆகாது. விரிசலுக்குப் போர்த்தும் போர்வை அது.

இது ஒன்றும் புது ஞானம் இல்லை. ஒகேனக்கல்லுக்குப் போயிருக்கிறீர்கள் அல்லவா? பரிசல்காரர் வேலை முடிந்ததும் என்ன செய்கிறார்? பரிசலைக் கரையில் கவிழ்த்துப் போடுகிறார். தூக்கிப் போகும்போதும் தலைகீழாகத் தலைக்கு மேல் கவிழ்த்துத்தான் தூக்குகிறார். மூங்கில் பின்னல், முன்பு அதன் மேல் தோல், இப்போது பிளாஸ்டிக் தாளும் தாரும். அந்த அடிப்பாகம் தினமும் அவர் கண்ணில் படுகிறது. தார் எங்கே உரிந்திருக்கிறது, மூங்கில் எங்கே ஒடிந்திருக்கிறது என்று யாரும் அவருக்கு அறிக்கை தர வேண்டியதில்லை.

கடற்கரைக்குப் போங்கள். கட்டுமரம் கடலுக்குப் போய்த் திரும்பியதும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாகக் காய வைப்பது அந்தக் காலத்து வழக்கம். மரம் தண்ணீர் குடித்தால் கனக்கும், கனத்தால் மிதப்புக் குறையும். பலகைத் தோணி வைத்திருந்தவர்கள் பலகை இடுக்குகளில் பஞ்சைத் திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசுவார்கள். கலப்பத்து என்று அதற்குப் பெயர். அந்த வேலைக்கென்றே தனி ஆட்கள் இருந்தார்கள். அவர்களில் பலர் பள்ளிக்கூடம் பார்க்காதவர்கள். ஆனால் படகின் உயிர் அடியில் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். டெண்டர் எழுதும் படித்தவர்களுக்குத்தான் அது தெரியவில்லை.

"சார், அது மரம். இப்ப எல்லாம் ஃபைபர். ஃபைபருக்கு ஒண்ணும் ஆகாது" என்று சிலர் சொல்வார்கள். அது தவறு. ஏன் என்று சொல்கிறேன்.

ஃபைபர் படகு என்பது ஒரே துண்டுப் பிளாஸ்டிக் இல்லை. கண்ணாடி இழைப் பாயை அடுக்கடுக்காக வைத்து, ரெசின் ஊற்றி இறுக வைத்தது. வெளியே நாம் தொடுவது ஜெல்கோட் என்ற மெல்லிய பூச்சு. ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அதுதான் தோல். தண்ணீரிலேயே வருஷக்கணக்கில் கிடந்தால் அந்தத் தோல் வழியாகத் தண்ணீர் துளித்துளியாக உள்ளே ஊறும். உள்ளே ரெசினில் கரையக்கூடிய பொருள்கள் கொஞ்சம் மிச்சம் இருக்கும். அவை அந்தத் தண்ணீரில் கரைந்து கெட்டியான திரவமாகி, மேலும் தண்ணீரை இழுக்கும்.

ஏழாம் வகுப்பில் உலர்திராட்சையைத் தண்ணீரில் போட்டுக் காட்டினேனே, நினைவிருக்கிறதா? மறுநாள் காலையில் உப்பிக்கொண்டு நின்றதே! சவ்வூடு பரவல் என்று கரும்பலகையில் எழுதிப்போட்டோம். அதே பாடம்தான் படகின் அடியிலும் நடக்கிறது. ஜெல்கோட்டுக்கு அடியில் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். ஒன்றைக் குத்திப் பார்த்தால் காடி மாதிரிப் புளித்த வாடையோடு நீர் வரும். அந்த வாடை வந்தால் உள்ளே ரெசின் கெட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

இதில் இன்னொரு சங்கதி. கடல் தண்ணீரைவிட நல்ல தண்ணீரில்தான் இந்தக் கொப்புளம் அதிகம் வரும். திராட்சையை உப்புத் தண்ணீரில் போட்டால் அவ்வளவு உப்பாது, நல்ல தண்ணீரில் போட்டால் நன்றாக உப்பும். அதே கணக்கு. ஆகவே "கடல்லதான் படகு கெடும், ஏரியில என்ன ஆகும்" என்ற பேச்சு தலைகீழ். மலை ஏரியின் தெளிந்த தண்ணீரில் கிடக்கும் படகைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும்.

கொப்புளம் மட்டும் இல்லை. சவாரி முடியும் ஒவ்வொரு தடவையும் படகு கரைக் கல்லில், சிமெண்ட் படியில் இடிக்கிறது. இழுத்துக் கட்டும்போது அடி உராய்கிறது. பெடல் தண்டு உள்ளே போகும் துளையில் கிரீஸ் காய்ந்தால் அங்கே கசிவு. அடியில் தண்ணீர் வடிக்கும் அடைப்பானின் ரப்பர் வெடித்தால் அங்கே கசிவு. பெடல் போட்டின் இரண்டு பக்கமும் உள்ளே காற்றுப் பெட்டி இருக்கும், சிலவற்றில் நுரைக் கட்டி இருக்கும். அதற்குள் தண்ணீர் புகுந்தால் வெளியே யாருக்கும் தெரியாது. கேன் வைத்து இறைக்கவும் முடியாது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. காற்றுப் பெட்டிக்குள் 60 லிட்டர் புகுந்தால் 60 கிலோ. அதாவது டிக்கெட் வாங்காமல், கண்ணுக்குத் தெரியாமல், லைஃப் ஜாக்கெட் போடாமல் ஒரு பெரிய ஆள் அந்தப் படகில் ஏறி உட்கார்ந்திருக்கிறான். நான்கு பேர் போகலாம் என்று பலகையில் எழுதியிருக்கிறது. நீங்கள் நான்கு பேர் ஏறுகிறீர்கள். படகு ஐந்து பேரைச் சுமக்கிறது. அந்த ஐந்தாவது ஆள் ஒரே இடத்தில் உட்காருவதும் இல்லை. படகு சாயும் பக்கமெல்லாம் அவனும் ஓடுகிறான். சாய்ந்ததை இன்னும் சாய்க்கிறான். ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தை மனப்பாடம் செய்து ஐந்து மதிப்பெண் வாங்கினீர்களே, அதன் அர்த்தம் இதுதான் பிள்ளைகளே.

தேக்கடியை மறந்திருக்க மாட்டீர்கள். 2009 செப்டம்பர் 30. ஜலகன்யகா என்ற சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். 2024 ஜனவரி 18, குஜராத்தில் வடோதரா ஹர்ணி ஏரி. பள்ளிச் சுற்றுலா வந்த 12 பிள்ளைகளும் 2 ஆசிரியைகளும் போனார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. நானும் எத்தனை தடவை பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்து, எண்ணி எண்ணிப் படகில் ஏற்றியிருக்கிறேன்!

நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். அந்த இரண்டும் படகின் அடி ஓட்டையாகி நடந்தவை என்று நான் சொல்லவில்லை. தேக்கடிப் படகு அப்போது புதுசு. ஆட்கள் ஒரு பக்கமாகக் கூடியது, அளவுக்கு மேல் ஏற்றியது, லைஃப் ஜாக்கெட் இல்லாதது என்றுதான் பேசப்பட்டது. ஆனால் இரண்டிலும் ஒரு பொதுவான விஷயம் உண்டு. ஒரு படகு தாங்கும் கனத்துக்கும் அது கவிழும் கனத்துக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளிதான் நம் பிள்ளைகளின் உயிர். கூட்டம் ஏற்றுகிறவன் அதைக் கண் முன்னால் சாப்பிடுகிறான். ஊறிப்போன அடி அதை யாருக்கும் தெரியாமல் சாப்பிடுகிறது. முதலாவதைப் போலீஸ்காரர் பார்த்துத் தடுக்க முடியும். இரண்டாவதைக் கவிழ்த்துப் பார்த்தால் ஒழியத் தடுக்க முடியாது.

இதற்கு என் மாணவனைக் குற்றம் சொல்லலாமா? மாட்டேன். அவனிடம் கொடுத்த வேலைத்தாளில் "வர்ணம் பூசுதல்" என்று இருக்கிறது. இத்தனை சதுர அடி, இத்தனை ரூபாய். கரையேற்றக் கூலி அதில் இல்லை. காய வைக்க நாள் இல்லை. விரிசலைப் பார்த்தால் யாரிடம் சொல்வது என்று இல்லை. பார்த்துச் சொன்னாலும் "திறப்பு விழா இருக்கு, சீக்கிரம் முடி" என்பார்கள். இரண்டே நாளில் முடிப்பவனுக்கு அடுத்த வருஷமும் ஒப்பந்தம். "படகைக் கவுக்கணும் சார்" என்று சொல்பவன் மறு வருஷம் அந்தப் பக்கம் வர முடியாது. குற்றம் பிரஷ்ஷில் இல்லை. அந்தத் தாளை எழுதிய பேனாவில் இருக்கிறது.

கோடை விழா வருகிறது, பெரியவர்கள் வருகிறார்கள், போட்டோ எடுப்பார்கள். போட்டோவில் அடிப்பாகம் விழாது. அதனால் அதற்குப் பணம் இல்லை. மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் வர்ணம் அடிக்காத வீடு நம் மலையில் உண்டா? அழகுதான். ஆனால் சந்தையில் மாடு வாங்கத் தெரிந்தவன் கொம்பைப் பார்த்து வாங்குவதில்லை. காலைத் தூக்கிக் குளம்பைப் பார்க்கிறான். பல்லைப் பிடித்துப் பார்க்கிறான்.

போன வாரம் நம் குடும்பக் குழுவில் இதைப் பேசியபோது வந்த மறுப்புகளுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளைகள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

"லைஃப் ஜாக்கெட் போட்டாச்சு, அப்புறம் என்ன?" லைஃப் ஜாக்கெட் அவசியம். அது இல்லாமல் ஒரு பிள்ளையும் ஏறக் கூடாது. ஆனால் அது கடைசி வேலி. முதல் வேலி படகு. ஆடு உள்ளே வராமல் இருக்க வெளிவேலியைப் பிடுங்கிவிட்டு, உள்வேலி இருக்கிறதே என்று எந்தக் குடியானவனாவது சொல்வானா? கவிழ்ந்த படகுக்கு அடியில் மாட்டிக்கொண்ட பிள்ளையை ஜாக்கெட் மேலே தூக்கிப் படகின் உட்பக்கத்தோடுதான் அழுத்தும். கொக்கி போடாத ஜாக்கெட் தலை வழியாகக் கழன்று தனியாக மிதக்கும்.

"அந்த ஏரியில் இடுப்பளவு தண்ணிதான்." யார் இடுப்பு? உங்கள் இடுப்பளவு ஆறு வயசுப் பிள்ளைக்குக் கழுத்தளவு. அடியில் சேறும் நீர்க்கொடியும் இருந்தால் இடுப்பளவும் ஆழம்தான்.

"இதெல்லாம் செய்தால் செலவு அதிகம், டிக்கெட் விலை ஏறும்." கணக்குப் போடுங்கள். வருஷா வருஷம் ஈர அடியின் மேல் அடித்த பெயிண்ட் வருஷா வருஷம் உரிகிறது. அடுத்த வருஷம் மறுபடி பெயிண்ட், மறுபடி கூலி. விரிசல் சின்னதாக இருக்கும்போது கைப்பிடி அளவு பாயும் அரை லிட்டர் ரெசினும் போதும். விட்டால் அடி முழுதும் மாற்ற வேண்டும், இல்லை படகையே கழித்துக்கட்ட வேண்டும். ஓட்டையை அடைக்கக் காசு இல்லை என்று சொல்கிறவன் ஓட்டைக்குத்தான் காசு கொட்டிக்கொண்டிருக்கிறான்.

"கடல் படகுக்கு அடிக்கும் விலை உயர்ந்த பெயிண்ட்டை அடித்தால் எல்லாம் சரியாகிவிடும்." இதுதான் மிக மோசம். கடலில் படகின் அடியில் கொட்டலசு, சிப்பி, பாசி எல்லாம் ஒட்டும். அவை ஒட்டாமல் இருக்க அந்தப் பெயிண்ட்டில் செம்பு மாதிரி நஞ்சைக் கலந்திருப்பார்கள். அது கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் கரைந்துகொண்டே இருப்பதுதான் அதன் வேலை. மலை ஏரியில் கொட்டலசு எங்கே இருக்கிறது? பாசியும் வழுவழுப்பும்தான். தேய்க்கும் பிரஷ்ஷும் தண்ணீரும் போதும். மீன் இருக்கிற, ஆடு மாடு குடிக்கிற ஏரியில் செம்பு கரைப்பானேன்? ஒரு காலத்தில் கப்பல்களுக்கு வெள்ளீயச் சேர்மம் கலந்த பெயிண்ட் அடித்தார்கள். கடல் நத்தைகளும் சிப்பிகளும் உருக்குலைந்ததைப் பார்த்து, 2001-ல் உலக நாடுகள் கூடி ஓர் உடன்படிக்கை செய்தன. 2008-ல் அது நடைமுறைக்கு வந்தது. பெயிண்ட் என்றால் வெறும் நிறம் என்று நினைக்காதீர்கள். அது மருந்தும் ஆகும், விஷமும் ஆகும்.

சரி, குறை மட்டும் சொன்னால் போதுமா? எப்படிச் செய்ய வேண்டும் என்று கேட்டால் சொல்லத்தானே வாத்தியார்? ஃபைபர் வேலை தெரிந்தவர்களிடம் கேட்டும், புத்தகம் பார்த்தும், கொஞ்சம் கையால் செய்தும் தெரிந்துகொண்டது இது.

மழை ஓய்ந்து, கோடைக் கூட்டம் வருவதற்கு முன்னால், பொங்கல் கழித்து மாசி வரை நல்ல காலம். படகுகளை முறை வைத்து, இரண்டிரண்டாகக் கரையேற்றுங்கள். அப்படிச் செய்தால் சவாரியும் நிற்காது. ஏரிக் கரையிலேயே வேலை செய்யாதீர்கள். சுரண்டிய தூளும் தின்னரும் ஏரிக்குள் போகும். தள்ளி, தார்ப்பாய் விரித்து அதன் மேல் கவிழ்த்துங்கள்.

முதலில் பாசியை ஈரமாக இருக்கும்போதே தேய்த்துக் கழுவ வேண்டும். காய்ந்தால் கல்லாகப் பிடித்துக்கொள்ளும். பிறகு ஒரு ரூபாய் நாணயத்தால் அடி முழுதும் தட்டிப் பாருங்கள். சந்தையில் பானை வாங்கும்போது தட்டிப் பார்க்கிறோமே, அதேதான். நல்ல இடம் 'டிக்' என்று கூர்மையாகச் சத்தம் தரும். உள்ளே அடுக்கு பிரிந்த இடம் 'தொப்' என்று சொல்லும். அந்த இடங்களைச் சாக்பீஸால் வட்டம் போட்டு வையுங்கள்.

அப்புறம் காய வைப்பது. இங்கேதான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். ஒரு சதுர அடி பிளாஸ்டிக் தாளை அடியில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டி வெயிலில் விடுங்கள். மறுநாள் தாளின் உள்பக்கம் முத்து முத்தாக வியர்த்திருந்தால் இன்னும் காயவில்லை. வாரக்கணக்கில்கூட ஆகும். ஈரத்தின் மேல் பெயிண்ட் அடிப்பது, புண்ணுக்குள் சீழ் இருக்கும்போது மேலே பிளாஸ்திரி ஒட்டுகிற மாதிரி.

விரிசலுக்குப் பட்டி வைத்து அப்பிவிடக் கூடாது. காருக்கு வைக்கும் பட்டி தண்ணீரை உறிஞ்சும், தண்ணீருக்கு அடியில் நிற்காது. கெட்ட பாகத்தைத் தேய்த்து எடுத்து, சுற்றிலும் சரிவாக அகலப்படுத்த வேண்டும். அடியின் தடிமன் 4 மில்லிமீட்டர் என்றால் சுற்றிலும் சுமார் 5 சென்டிமீட்டர் சரிவு. அதன் மேல் இழைப் பாயும் ரெசினும் அடுக்கடுக்காக. ஹார்டனர் நூற்றுக்கு ஒன்று இரண்டு பங்குதான். சீக்கிரம் இறுகட்டும் என்று கூட ஊற்றினால் சூடாகி வெடிக்கும். மலையில் பனி இறங்கும் வேளையில் செய்தால் ரெசின் சரியாக இறுகாது. வெயில் ஏறிய பிறகு ஆரம்பித்து, சாயுமுன் முடிக்க வேண்டும். இதெல்லாம் ஆன பிறகுதான் பிரைமர், அதன் பிறகுதான் பெயிண்ட்.

தேய்க்கும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. பழைய பெயிண்ட்டில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயிண்ட்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற சட்டம் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னால் அடித்ததில் என்ன இருக்கிறதோ! கண்ணாடி இழைத் தூளும் நுரையீரலுக்கு ஆகாது. துண்டைக் கட்டிக்கொண்டு உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். நல்ல முகக்கவசம் கேளுங்கள். தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாளைப் பயன்படுத்துங்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

இவ்வளவு சிரமமா என்று கேட்பீர்கள். நம் மலையிலேயே பதில் இருக்கிறது. காவலூர் வானாய்வகத்துக்கு உங்களைக் கூட்டிப்போயிருக்கிறேன். அங்கே 1986-ல் திறந்த பெரிய தொலைநோக்கியின் ஆடி 2.34 மீட்டர் அகலம். அதன் மேல் மெல்லிய அலுமினியப் பூச்சு. காலப்போக்கில் அது மங்கும். அப்போது பழைய பூச்சின் மேலேயே புதுப் பூச்சை ஏற்றுவதில்லை. ஆடியைக் கழற்றி இறக்கி, பழையதை முழுக்கக் கழுவி எடுத்து, ஆடியைச் சுத்தமாக்கிய பிறகுதான் புது அலுமினியம். நட்சத்திரம் பார்க்க இவ்வளவு கவனம் என்றால், பிள்ளை ஏறும் படகுக்கு அதில் நூற்றில் ஒரு பங்கு வேண்டாமா?

இப்போது என்னைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் ஊருக்கு உபதேசம் ஆகிவிடும்.

என் பணிக்காலத்தில் ஒரு பள்ளி. ஆண்டாய்வுக்கு அதிகாரி வருகிறார் என்று செய்தி வந்தது. வகுப்பறைச் சுவரில் ஜன்னலுக்கு மேலே ஒரு நீள விரிசல். எனக்கு மாதக்கணக்காகத் தெரியும். எழுதிப் போட்டால் 'ஏன் முன்பே சொல்லவில்லை' என்று கேள்வி வரும். சுண்ணாம்பு வாங்கி நானே பெரிய பிள்ளைகளோடு சேர்ந்து வெள்ளை அடித்தேன். விரிசல் மறைந்தது. அதிகாரி வந்தார், பள்ளி சுத்தமாக இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போனார். அந்த ஐப்பசி மழையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஜன்னலுக்கு மேலே இருந்த காரை பெயர்ந்து விழுந்தது. திங்கள் காலை கதவைத் திறந்தேன். இரண்டாம் பெஞ்சு முழுதும் காரைக் கட்டி. வழக்கமாக அங்கே நான்கு பிள்ளைகள் உட்காருவார்கள்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அது என் திறமை இல்லை, ஞாயிற்றுக்கிழமை. "போன வாரந்தான் பெயிண்ட் அடிச்சோம் சார்" என்று அந்தத் தம்பி சொன்னபோது எனக்கு ஏன் அப்படிக் கோபம் வந்தது என்று வழியெல்லாம் யோசித்தேன். அது என் குரல். வெள்ளை அடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கிய என் குரல்.

அதனால்தான் கேட்கிறேன். படகுத்துறை நடத்தும் எல்லோரிடமும், அரசாங்கமோ ஊராட்சியோ தனியாரோ, மூன்றே கோரிக்கைகள்.

ஒன்று, வேலைத்தாளில் "வர்ணம் பூசுதல்" என்பதற்கு முன்னால் "கரையேற்றி, கவிழ்த்து, அடிப்பாகம் பரிசோதித்து, உலர்த்தி, பழுது நீக்கி" என்று ஒரு வரி சேருங்கள். அந்த வரிக்குத் தனியாகப் பணமும் நாளும் ஒதுக்குங்கள்.

இரண்டு, ஒவ்வொரு படகின் பக்கத்திலும், வாத்து மூக்குக்குக் கொடுத்த அதே பெயிண்ட்டால், கடைசியாகக் கவிழ்த்துப் பார்த்த தேதியை எழுதுங்கள். கேஸ் சிலிண்டரில் எழுதியிருக்கிறது, தீயணைப்புக் குழாயில் தொங்குகிறது. படகில் மட்டும் ஏன் இல்லை?

மூன்று, காலிப் படகு தண்ணீரில் எவ்வளவு தாழ்ந்து நிற்க வேண்டும் என்று ஒரு கோடு போடுங்கள். காலையில் படகை அவிழ்க்கும்போது கோடு தண்ணீருக்குள் போயிருந்தால் அன்றைக்கு அந்தப் படகு ஓடக் கூடாது. இதற்கு இன்ஜினியர் வேண்டாம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை பார்த்துச் சொல்லும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1917-ஆம் வருஷச் சட்டத்தை எடுத்துவிட்டு 2021-ல் புது உள்நாட்டுக் கலங்கள் சட்டம் வந்திருக்கிறது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2017-ல் படகுப் பாதுகாப்புக்கு வழிகாட்டி நெறிகள் கொடுத்திருக்கிறது. காகிதம் கரையில் இருக்கிறது. படகு தண்ணீரில் இருக்கிறது. நடுவில் ஒரு ஆள் குனிந்து பார்க்க வேண்டும்.

நீங்கள் என்ன செய்யலாம்? நம் பக்கத்தில் ஜமுனாமரத்தூரிலும் ஏலகிரியிலும் படகு சவாரி இருக்கிறது. அவற்றைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் எங்கே போனாலும் ஏறுவதற்கு முன்னால் ஒரு நிமிடம் நில்லுங்கள். காலிப் படகு நேராக நிற்கிறதா, ஒரு பக்கம் சாய்கிறதா பாருங்கள். உள்ளே தண்ணீர் இருக்கிறதா பாருங்கள். "இதை எப்பங்க கடைசியா கரை ஏத்தினீங்க?" என்று மரியாதையாகக் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்குப் பதில் சொல்ல ஏதாவது செய்து வைப்பார்கள். சுற்றுலா கூட்டிப்போகும் ஆசிரியப் பிள்ளைகளே, பதில் திருப்தி இல்லை என்றால் பிள்ளைகளைக் கரையில் உட்கார வைத்துப் பொரி வாங்கிக் கொடுங்கள். அழுவார்கள். அழட்டும். நாளைக்கு வகுப்புக்கு வருவார்கள்.

என் பெயிண்டர் மாணவனும் இதைப் படிப்பான். தம்பி, உன்னைத் திட்டவில்லை. அடுத்த தடவை வேலை எடுக்கும்போது கவிழ்க்கும் கூலியையும் சேர்த்து எழுதிக் கொடு. தர மாட்டேன் என்றால், நீ பார்த்த விரிசலைப் போட்டோ எடுத்துத் தேதியோடு அவர்களுக்கு அனுப்பிவிட்டு, பிறகு பிரஷ்ஷைத் தொடு. எழுதிக் கொடுத்தது ஒரு நாள் பேசும். நான் அன்றைக்கு எழுதிக் கொடுக்கவில்லை. அதை இன்னும் சுமக்கிறேன்.

தவறு இருந்தால் திருத்துங்கள். படகு வேலை தெரிந்தவர்கள் கருத்தில் எழுதுங்கள். சரி என்று பட்டால் பிள்ளை பெற்றவர்கள் நாலு பேருக்கு அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்,
புதூர்நாடு.